லைக்கை எண்ணுவதா, ஊசி போட்ட கையை எண்ணுவதா?



இது கொஞ்சம் நீளமான இழை. டீயோ காபியோ கையில் எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதலில் என் கதை ஒன்று.

சில மாதங்களுக்கு முன் நாய்க்கடி பற்றி இங்கே ஒரு பதிவு எழுதினேன். நாய் கடித்தால் முதல் வேலை, கடித்த இடத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் வைக்கக் கூடாது. தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்கு வந்து தடுப்பூசி போட வேண்டும். அவ்வளவுதான் செய்தி. நான் எழுதியதிலேயே அதிகம் பகிரப்பட்ட பதிவு அதுதான். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கே வேறொரு டாக்டர் பெயரில் அது திரும்பி வந்தது. பெருமையாகத்தான் இருந்தது. மறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஓ.பி.யில் ஒரு பெரியவர் வந்தார். கெண்டைக்காலில் நாய்க்கடி. முந்தின நாள் சாயங்காலம் கடித்தது. காயத்தின் மேல் திட்டாக சுண்ணாம்பு. கூட வந்த மகன் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகச் சொன்னார்:

"சார், நாய்க்கடி பத்தி எழுதினது நீங்கதானே? எங்க ஏரியா குரூப் எல்லாத்துக்கும் நான்தான் சார் ஷேர் பண்ணேன்."

நான் பெரியவரின் காலைப் பார்த்தேன். மகனும் பார்த்தார். அதற்கப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை.

சுண்ணாம்பைக் கழுவி, ஊசி போட்டு, அடுத்த தேதிகளை எழுதிக் கொடுத்து அனுப்பினோம். ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. பதிவை ஷேர் செய்த அதே வீட்டில் காயத்தைக் கழுவவில்லை என்றால், அந்த ஆயிரக்கணக்கான ஷேர்கள் எனக்கு எதைத்தான் சொல்கின்றன?

இதை நான் மட்டும் கேட்கவில்லை. பொது சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் சுமார் 20 வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி இது. அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். வாங்க.

*

ஒரு விழிப்புணர்வு பிரச்சாரம் வேலை செய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய வழி, ஆட்களிடம் நேரில் போய்க் கேட்பது. பிரச்சாரத்துக்கு முன் ஒரு கணக்கெடுப்பு, முடிந்த பின் ஒரு கணக்கெடுப்பு. இரண்டையும் ஒப்பிட வேண்டும். நல்ல முறைதான். ஆனால் செலவு அதிகம், முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லா டாக்டருக்கும் தெரிந்தது அது. "சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கேட்டால், "எப்பவாவது ஒண்ணு சார்" என்று பதில் வரும். அந்த "எப்பவாவது" ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் என்று மனைவி பின்னால் நின்று சைகை காட்டுவார். கேட்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் மனிதர்கள் பதில் சொல்கிறார்கள்.

அப்படியானால், யாரும் கேட்காதபோது மக்கள் தாங்களாகவே என்ன பேசுகிறார்கள், என்ன தேடுகிறார்கள் என்று பார்த்தால் என்ன?

இந்த யோசனையை முதலில் செய்து பார்த்தவர்களில் ஒருவர் கனடாவின் டொரண்டோவில் இருந்த ஆய்வாளர் குந்தர் ஐசன்பாக். 2004-05 ஃப்ளூ பருவத்தில் கூகுளில் ஒரு சின்ன விளம்பரம் கொடுத்தார். கனடாவில் யாராவது ஃப்ளூ பற்றித் தேடினால், உங்களுக்கு ஃப்ளூ இருக்கிறதா என்று கேட்கும் விளம்பரம் பக்கத்தில் வரும். எத்தனை பேர் அதைக் க்ளிக் செய்கிறார்கள் என்று வாரா வாரம் எண்ணினார். செலவு சில நூறு டாலர்தான். அந்த க்ளிக் எண்ணிக்கையும், நாட்டில் உறுதி செய்யப்பட்ட ஃப்ளூ நோயாளிகள் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின.

அப்போது ட்விட்டர் பிறக்கவே இல்லை. அது வந்தது 2006இல்.

*

அடுத்த கட்டம் 2009.

அந்த ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் புதிய வகை ஃப்ளூ கிளம்பியது. ஊடகங்கள் வைத்த பெயர் 'ஸ்வைன் ஃப்ளூ'. நம் ஊரில் பன்றிக் காய்ச்சல். இந்தப் பெயரால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. பன்றிக்கறி சாப்பிட்டால் இந்த நோய் வராது. மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவிக்கொண்டிருந்தது. ஆனாலும் எகிப்து அரசு நாட்டிலிருந்த சுமார் 3 லட்சம் பன்றிகளையும் கொல்ல உத்தரவிட்டது. பன்றி வளர்த்துப் பிழைத்த ஏழைக் குடும்பங்களின் வயிற்றில் அடி விழுந்தது. ஒரு பெயர் என்னவெல்லாம் செய்யும் பாருங்க.

ஏப்ரல் 30ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் பெயரை மாற்றியது. இனி எச்1என்1 என்று சொல்லுங்கள் என்றது.

மக்கள் கேட்டார்களா?

ஐசன்பாக்கும் சிந்தியா ச்யூவும் இதை எண்ணிப் பார்த்தார்கள். 2009 மே முதல் டிசம்பர் வரை, இந்தச் சொற்கள் வந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ட்வீட்களைச் சேகரித்தார்கள். தொடக்கத்தில் எச்1என்1 என்ற சொல்லைப் பயன்படுத்தியவை 8.8 சதவீதம். போகப் போக அது 40.5 சதவீதமாக உயர்ந்தது.

ஒரு சுகாதார அறிவுரை ஜனங்களின் வாய்க்குள் மெல்ல மெல்லப் போவதை, யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்காமல், வாரா வாரம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. இந்தத் துறையின் வரலாற்றில் இது முக்கியமான இடம் என்பேன்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, மாறியது பேச்சு. எச்1என்1 என்று எழுதியவர் கையைக் கழுவினாரா, காய்ச்சலோடு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாரா என்று ட்வீட் சொல்லாது. இரண்டு, எண்ணப்பட்டது ஆங்கிலச் சொற்கள். தமிழில் இன்றுவரை அது பன்றிக் காய்ச்சல்தான். ட்விட்டரில் மாறிய பெயர் என் ஓ.பி. வாசலை இன்னும் தாண்டவில்லை.

*

அதே காலத்தில் இன்னொரு பெரிய பரிசோதனையும் நடந்தது. அதன் தோல்வி நமக்கு நல்ல பாடம்.

2008 நவம்பரில் கூகுள் 'ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்' என்ற சேவையைத் தொடங்கியது. மக்கள் கூகுளில் தேடுவதை வைத்தே எந்த ஊரில் எவ்வளவு ஃப்ளூ என்று சொல்லிவிடுவோம் என்றார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி மருத்துவமனைக் கணக்கைத் திரட்டி வெளியிட ஒன்றிரண்டு வாரம் ஆகும். கூகுள் உடனே சொல்லும். உலகமே கைதட்டியது.

2009இல் எச்1என்1 வந்தபோது முதல் அலையையே அது கோட்டை விட்டது. திருத்தி அமைத்தார்கள். 2012-13 குளிர்காலத்தில் எதிர்ப்பக்கம் சறுக்கியது. சிடிசி கணக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஃப்ளூ இருப்பதாகக் காட்டியது. 2014இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை கணக்குப் பார்த்தது. 2011 ஆகஸ்டிலிருந்து 108 வாரங்களில் 100 வாரம் கூகுள் சொன்னது கூடுதல். 2015இல் சேவையை நிறுத்திவிட்டார்கள்.

ஏன் தப்பானது? டிவியில் ஃப்ளூ பற்றி அலறினால், சளிகூடப் பிடிக்காதவரும் கூகுளில் தேடுவார். கூகுளும் தன் தேடல் பெட்டியில் தானே பரிந்துரைகள் காட்டத் தொடங்கியது. அதனாலும் தேடல் கூடும். அதாவது, கூகுள் எண்ணியதில் ஒரு பகுதி காய்ச்சல், இன்னொரு பகுதி பயம். இரண்டையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியவில்லை.

இதைப் படித்தபோது என் நாய்க்கடிப் பதிவுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஷேர்களில் எவ்வளவு அக்கறை, எவ்வளவு பயம், எவ்வளவு "நாலு பேருக்கு நல்லது செஞ்சோம்" என்ற திருப்தி?

*

இப்போது 2012க்கு வருவோம். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அந்த மார்ச்சில் சிடிசி ஒரு விளம்பரத் தொடரைத் தொடங்கியது. முன்பு புகைபிடித்தவர்கள் தரும் 'டிப்ஸ்' என்று பெயர். வீட்டைச் சுத்தமாக வைக்க டிப்ஸ், சமையலுக்கு டிப்ஸ் என்று வருமே, அந்தப் பாணி. ஆனால் சொல்கிறவர்கள் சிகரெட்டால் குரலை, காலை, நுரையீரலை இழந்தவர்கள்.

அதில் ஒருவர் டெர்ரி ஹால். வட கரோலினாவைச் சேர்ந்தவர். தொண்டைப் புற்றுநோயால் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். காலையில் எப்படிக் கிளம்ப வேண்டும் என்று டிப்ஸ் கொடுப்பார். முதலில் பல்செட் மாட்டுவார். பிறகு விக். பிறகு கழுத்தில் மூச்சுவிடும் துளையை மறைக்க ஒரு துணி. கருவி வழியாக வரும் கரகரத்த குரல். பார்த்தவர் மறக்க மாட்டார். டெர்ரி ஹால் 2013 செப்டம்பரில் 53 வயதில் இறந்துபோனார்.

12 வாரம் ஓடிய இந்தப் பிரச்சாரத்தின் மேல் ஒரு பழைய சந்தேகம் இருந்தது. இவ்வளவு பயங்கரமாகக் காட்டினால் ஜனங்கள் பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்களா? "சும்மா பயமுறுத்துறாங்க" என்று கோபப்படுவார்களா? அப்படி நடந்தால் மொத்த முயற்சியும் வீண்.

ஆய்வாளர் ஷெர்ரி எமரியின் குழு ட்விட்டரைக் கவனித்தது. மூன்று மாதத்தில் இந்த விளம்பரம் தொடர்பான சுமார் ஒன்றே முக்கால் லட்சம் முதல் இரண்டு லட்சம் ட்வீட்கள். ஒரு பகுதியை மனிதர்கள் படித்து வகைப்படுத்தினார்கள். அதை வைத்துக் கணினிக்குப் பழக்கி, மீதியைக் கணினி வகைப்படுத்தியது. செய்தியை ஏற்றுப் பயந்தவர்களின் ட்வீட்கள் 87 சதவீதத்துக்கும் மேல். மறுத்துத் தள்ளியவை 7 சதவீதம் மட்டுமே.

சந்தேகத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஜனங்கள் முகம் திருப்பவில்லை.

ஆனால் சிகரெட்டை விட்டார்களா?

அந்தப் பதில் ட்விட்டரில் இல்லை. அதற்கு இரண்டு வேறு கணக்குகள் இருந்தன. விளம்பரத்தில் காட்டிய உதவித் தொலைபேசி எண்ணுக்கு வந்த அழைப்புகள் ஒன்று. பிரச்சாரக் காலத்தில் அது 132 சதவீதம் கூடியது. விளம்பரம் நின்றதும் அழைப்பும் இறங்கியது. இரண்டாவது, பழைய பாணிக் கணக்கெடுப்பு. 3,000க்கும் மேற்பட்ட புகைபிடிப்பவர்களைப் பிரச்சாரத்துக்கு முன்னும் பின்னும் கேட்டார்கள். 'லான்செட்' இதழில் 2013இல் வந்த அந்த முடிவு இது: சிகரெட்டை விட முயன்றவர்கள் 31.1 சதவீதத்திலிருந்து 34.8 சதவீதமானார்கள். நாடு முழுக்கக் கணக்கிட்டால், கூடுதலாக 16 லட்சம் பேர் விட்டுப் பார்க்க முயன்றார்கள். நிரந்தரமாக விட்டவர்கள் குறைந்தது ஒரு லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள்.

எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. ட்விட்டரில் 87 சதவீதம் ஆமோதிப்பு. கணக்கெடுப்பில் முயற்சி செய்தவர்கள் கூடியது 3.7 சதவீதப் புள்ளி. இரண்டும் உண்மை. நம்மில் பலர் முதல் எண்ணைப் பார்த்துவிட்டு வெற்றி விழா கொண்டாடுவோம். ஒரு லட்சம் குடும்பங்களுக்கு நிஜமான லாபம் தந்தது இரண்டாவது எண்தான்.

ட்விட்டர் வீணா? இல்லவே இல்லை. செய்தி சரியான விதத்தில் போய்ச் சேர்கிறதா என்று பிரச்சாரம் ஓடும்போதே அது சொல்லும். கணக்கெடுப்பு முடிந்து பதில் வரும்வரை காத்திருந்தால், பணமும் நேரமும் தீர்ந்திருக்கும். காய்ச்சல் நோயாளிக்குத் தெர்மாமீட்டரும் வேண்டும், ரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது.

*

இணையத்தில் தேடுவதற்கும் நிஜமாகச் செய்வதற்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்வதாக நினைக்காதீங்க. சில நேரம் அழகாக ஒத்துப்போகும்.

2015 நவம்பர் 17. ஹாலிவுட் நடிகர் சார்லி ஷீன் தனக்கு எச்ஐவி இருப்பதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். அன்று ஒரே நாளில் அமெரிக்காவில் எச்ஐவி பற்றிய கூகுள் தேடல் வழக்கத்தைவிட 27 லட்சத்துக்கும் மேல் கூடியது. ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. வீட்டிலேயே எச்ஐவி பரிசோதனை செய்யும் கிட்டின் கடை விற்பனைக் கணக்கையும் எடுத்துப் பார்த்தார்கள். அந்த வாரம் விற்பனை ஏறக்குறைய இரண்டு மடங்கு. வருடா வருடம் டிசம்பர் 1இல் நாம் நடத்தும் எய்ட்ஸ் தினம் இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

தேடலையும் விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் இந்த முடிவை நம்புகிறோம். தேடல் மட்டும் இருந்திருந்தால், ஒரு நடிகரைப் பற்றிய வம்புப் பேச்சு என்று ஒதுக்கியிருப்போம்.

இன்னொரு எச்சரிக்கையும் வந்தது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 2014 முதல் 2017 வரை ட்விட்டரில் நடந்த தடுப்பூசிச் சண்டைகளை ஆராய்ந்தது. அதில் தானியங்கிக் கணக்குகளும், ரஷ்யாவிலிருந்து இயக்கப்பட்ட போலிக் கணக்குகளும் புகுந்திருந்தன. அந்தப் போலிக் கணக்குகள் தடுப்பூசிக்கு எதிராகவும் எழுதின, ஆதரவாகவும் எழுதின. சண்டையை மூட்டிவிடுவதுதான் வேலை. ஆக, நீங்கள் எண்ணுகிற குரலில் மனிதக் குரல் எத்தனை என்பதே முதல் கேள்வி ஆகிவிட்டது.

*

இனி டென்மார்க். பெண் குழந்தைகளைப் பெற்றவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியை டென்மார்க் 2009 முதல் 12 வயதுப் பெண் குழந்தைகளுக்கு இலவசமாகப் போட்டது. தொடக்கத்தில் பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேர் போட்டுக்கொண்டார்கள். 2013 முதல், ஊசி போட்ட பெண்களுக்கு மயக்கம், வலி, சோர்வு என்று செய்திகள் வரத் தொடங்கின. 2015 மார்ச்சில் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் வந்தது. அதன்பின் ஊசி போடுவோர் பாதிக்கும் கீழே சரிந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை ஆய்வு செய்து, அந்தத் தொந்தரவுகளுக்கு ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. அறிக்கை வந்தது. அம்மாக்கள் வரவில்லை.

2017 மே மாதம் அந்த நாட்டு சுகாதார ஆணையம், புற்றுநோய்ச் சங்கம், மருத்துவர் சங்கம் மூன்றும் சேர்ந்து புதிய பிரச்சாரம் தொடங்கின. இந்த முறை முதலில் காது கொடுத்துக் கேட்டார்கள். முடிவெடுப்பது யார்? பெரும்பாலும் அம்மா. அந்த அம்மா எங்கே இருக்கிறார்? ஃபேஸ்புக்கில். அவருடைய பயம் என்ன? அங்கேயே போய் உட்கார்ந்தார்கள். இந்தப் புற்றுநோய் வந்த பெண்களின் சொந்தக் கதைகளைப் போட்டார்கள். கீழே வந்த கமெண்ட்களைப் படித்தார்கள், பதில் சொன்னார்கள். எந்தப் பதிவுக்குக் கோபம் வருகிறது, எதற்குக் கேள்வி வருகிறது என்று கவனித்து அடுத்ததை எழுதினார்கள்.

2017இல் ஊசி போடத் தொடங்கிய பெண் குழந்தைகள், 2016ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இது எப்படித் தெரிந்தது? லைக் எண்ணி இல்லை. டென்மார்க்கில் யாருக்கு எந்த ஊசி எந்தத் தேதியில் போட்டார்கள் என்று ஒவ்வொருவருக்கும் தேசியப் பதிவேட்டில் இருக்கிறது. அதை எடுத்துப் பார்த்தார்கள். எல்லாப் புகழும் ஃபேஸ்புக்குக்கே என்றும் நான் சொல்ல மாட்டேன். செய்தித்தாள்களின் தொனியும் அதே காலத்தில் மாறியிருந்தது. ஆனால் மக்கள் பேச்சைக் கேட்டு எழுதியதும், ஊசி போட்ட கையை எண்ணிச் சரிபார்த்ததும், இரண்டும் ஒரே பிரச்சாரத்தில் நடந்தன. அதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

*

சரி டாக்டர், நம்ம ஊர்க் கதை என்ன?

2017 பிப்ரவரி. தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகம், கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் வரை. தமிழ்நாட்டில் மட்டும் இலக்கு சுமார் 1.76 கோடிக் குழந்தைகள். ரூபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால், பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம். அதைத் தடுக்கத்தான் இந்த ஊசி.

கிளம்பியது வாட்ஸப் வதந்தி. வெளிநாட்டு ஊசி, பரிசோதனை எலியாக்குகிறார்கள், பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆடியோக்கள். ஊசி தயாரானது புனேயில். தனியார் கிளினிக்குகளில் பல வருடமாகப் போட்டுவந்த எம்எம்ஆர் ஊசியில் இருப்பவைதான் இந்த இரண்டும். யார் கேட்டார்கள்? மாத இறுதியில் முடிய வேண்டிய இயக்கத்தை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டி வந்தது.

அப்போது நான் புதிதாக டாக்டரானவன். ஒரு பள்ளி முகாமுக்குப் போனேன். ஒரு வகுப்பில் பாதி பெஞ்ச் காலி. "ஊசி போடுற அன்னைக்கு லீவு போடச் சொல்லிட்டாங்க சார்" என்றான் ஒரு பையன்.

அன்று ட்விட்டரைக் கவனித்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. நம் ஊர் அம்மாக்கள் ட்விட்டரில் இல்லை. அவர்கள் இருந்தது வாட்ஸப்பில். 2016 ஏப்ரலிலேயே வாட்ஸப் செய்திகள் முழுவதும் பூட்டப்பட்டுவிட்டன. அனுப்பியவரும் பெற்றவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாது. அது சரியான விஷயம்தான். என் குடும்பக் குழுவை அரசாங்கம் படிக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் வதந்தி ஓடுவது பூட்டிய வீட்டுக்குள். நம் கேமரா இருப்பது தெருவில்.

உகாண்டாவில் இதே சிக்கலுக்கு வேறு வழி பார்த்தார்கள். கிராமத்தில் இணையம் குறைவு. மக்கள் பேசுவது உள்ளூர் வானொலியில், ஃபோன் போட்டு. ஐக்கிய நாடுகள் சபையின் கம்பாலா ஆய்வகம் அந்த வானொலிப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் கருவியை உருவாக்கியது. மக்கள் எங்கே பேசுகிறார்களோ அங்கே போய்த்தான் கேட்க வேண்டும்.

எங்கள் முகாமில் அந்தக் கருவி எங்கள் வி.எச்.என் அக்கா.

கிராம சுகாதார செவிலியர். அவர் பையில் ஒரு நீள நோட்டு. ஊசி வேண்டாம் என்ற வீடு எது, காரணம் என்ன என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். ஒரு தெருவில் அந்த ஆடியோ. இன்னொரு தெருவில் "ஏற்கெனவே போட்டாச்சு". மூன்றாவது தெருவில் காரணமே வேறு. காய்ச்சல் வந்தால் அம்மா கூலி வேலைக்கு லீவு போட வேண்டும், அரை நாள் சம்பளம் போகும். அந்தத் தெருவுக்கு வதந்தியை மறுக்கும் வீடியோ எதற்கு? சனிக்கிழமை சாயங்காலம் முகாம் வைத்தால் போதும். அக்கா அதைத்தான் வைக்கச் சொன்னார்.

அதே நோட்டில் வலது ஓரத்தில் ஒரு கட்டம். ஊசி போட்டதும் டிக். காரணமும் டிக்கும் ஒரே வரியில். டென்மார்க் பதிவேட்டையும் ஃபேஸ்புக்கையும் வைத்துச் செய்ததை, அக்கா ஒரு நோட்டிலும் பென்சிலிலும் செய்துகொண்டிருந்தார். அன்று எனக்கு அது புரியவில்லை. இந்த வரலாற்றையெல்லாம் படித்த பிறகுதான் புரிகிறது.

*

இப்போது ஏன் இதை எழுதுகிறேன்?

வெளியே இருந்த ஜன்னல்களும் மூடிக்கொண்டு வருகின்றன. ட்விட்டர் 2023இல் ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்த வழியை நிறுத்தியது. ஃபேஸ்புக்கைக் கவனிக்கப் பயன்பட்ட 'க்ரவுட்டாங்கிள்' கருவியை மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் மூடிவிட்டது. அதே நேரம், 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு எச்பிவி ஊசி போடப்படும் என்று தமிழ்நாடு அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. இந்த ஊசிக்கும் ஆடியோ வரும். 2017இல் வந்த அதே "குழந்தை பிறக்காது" ஆடியோவாகக்கூட இருக்கலாம். அப்போது நானும் என்னைப் போன்ற டாக்டர்களும் பதிவு எழுதுவோம். நீங்கள் ஷேர் செய்வீர்கள். ஷேர் எண்ணிக்கையைப் பார்த்து நாங்கள் திருப்தியாகத் தூங்கிவிடக் கூடாது.

அந்தச் சுண்ணாம்புக் காலைப் பார்த்த பிறகு நான் ஒரு சின்ன வேலை தொடங்கினேன். நாய்க்கடிக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி. சோப்பு போட்டுக் கழுவினீங்களா? அதை யார் சொன்னாங்க? பதிலை ஒரு நோட்டில் எழுதுகிறேன். இது ஆய்வு இல்லை, எனக்கான கண்ணாடி. கழுவிவிட்டு வந்தவர்களில் பலர் பக்கத்து வீட்டு அக்கா, பள்ளிக்கூட டீச்சர், வி.எச்.என் என்றுதான் சொல்கிறார்கள். "ஃபோன்ல படிச்சேன்" என்று சொன்னவர்களும் உண்டு. அதைக் கேட்கும்போது வரும் சந்தோஷம் எந்த லைக்கிலும் இல்லை.

உங்களிடம் மூன்று உதவி கேட்கிறேன்.

ஒன்று. இந்தப் பதிவை ஷேர் செய்யும் முன், வீட்டில் பெரியவர்களிடம் வாயால் ஒரு முறை சொல்லுங்கள். நாய் கடித்தால் சோப்பு, ஓடும் தண்ணீர், 15 நிமிடம், பிறகு அரசு மருத்துவமனை.

இரண்டு. உங்கள் குடும்பக் குழுவில் ஊசி பற்றி ஏதாவது ஆடியோ வந்தால், அனுப்பிய சித்தியைத் திட்டாதீங்க. அவர் பயப்படுவது நிஜம். என்ன பயம் என்று கேட்டு, பெயர் ஊர் எதுவும் இல்லாமல், அந்தச் சந்தேகத்தை மட்டும் எனக்கு எழுதுங்கள். பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் காது உங்களுடையதுதான்.

மூன்று. நான் எழுதியதைப் படித்து நிஜமாக ஏதாவது செய்திருந்தால், ஊசி போட்டிருந்தாலோ, சிகரெட்டை விட்டிருந்தாலோ, அதைச் சொல்லுங்கள். படித்தும் செய்ய முடியவில்லை என்றால், ஏன் என்று சொல்லுங்கள். அது எனக்கு இன்னும் அதிகம் உதவும்.

அந்தப் பெரியவர் எல்லா ஊசியையும் தேதி தவறாமல் வந்து போட்டுக்கொண்டார். கடைசி ஊசிக்கும் மகன்தான் கூட்டி வந்தார். கிளம்பும்போது மெதுவாகச் சொன்னார்:

"அன்னைக்கு நான் ஷேர் பண்ணேன் சார், ஆனா முழுசா படிக்கல."

பரவாயில்லை தம்பி. நானும் ஷேரை எண்ணினேன். யார் படித்தார்கள் என்று கேட்கவில்லை.